யார் சொல்ல, யார் திருப்பிச் சொல்வது?

காலை ஒன்பது இருபதுக்கு முதல் மணி. அதற்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில் அறுநூறு எழுநூறு பிள்ளைகளை வேப்பமரத்தடியிலிருந்தும் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்தும் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலிருந்தும் திரட்டி வந்து வரிசையில் நிறுத்த வேண்டும். முப்பத்து மூன்று வருடம் எனக்கு அதுதான் காலை வேலை. 1986 ஜூனில் மேலூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தேன். 2019 மே மாதம் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஓய்வு பெற்றேன். நடுவில் வாடிப்பட்டி, திருமங்கலம் என்று மதுரையைச் சுற்றியேதான் மாறுதல். போன இடமெல்லாம் நான் பி.டி. சார். பிரேயரை நடத்துவது பி.டி. சார் பொறுப்பு என்பது எந்தப் பள்ளியிலும் யாரும் எழுதி வைக்காத சட்டம்.

தமிழ்த்தாய் வாழ்த்து, திங்கட்கிழமையென்றால் கொடியேற்றம், உறுதிமொழி, ஒரு குறள், செய்தி வாசிப்பு, தலைமையாசிரியர் பேச்சு, தேசிய கீதம். இதில் உறுதிமொழியைத்தான் நான் அதிகம் கவனித்திருக்கிறேன். மற்ற நேரத்தில் பிள்ளை பாடும், இல்லையென்றால் கேட்டுக்கொண்டு நிற்கும். உறுதிமொழியில் மட்டும்தான் 'நான்' என்று தன் வாயால் சொல்லும். அதுவும் வலது கையை நீட்டிக்கொண்டு.

அந்தக் கையைப் பற்றி உடற்கல்வி ஆசிரியனுக்குச் சொல்ல நிறைய உண்டு. தோள் உயரத்துக்கு மேலே போகக் கூடாது. முழங்கை மடங்கக் கூடாது. உள்ளங்கை தரையைப் பார்க்க வேண்டும். முன்னால் நிற்பவன் முதுகில் விரல் படாத இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியை முதலிலேயே அளந்து விடாவிட்டால் உறுதிமொழி நேரத்தில் வரிசை முழுக்கக் கிச்சுக்கிச்சு மூட்டல்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலு வரி தாண்டினால் கை தாழும். தாழ்ந்த கையைப் பார்த்து முறைப்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் புரிந்தது. கை தாழ்ந்தால் அடுத்து உதடு வெளுக்கும், அடுத்து பிள்ளை சரியும். ஓடிப் போய்த் தாங்கித் தண்ணீர் தெளித்து, "காலைல என்னடா சாப்பிட்ட?" என்று கேட்டால் பதில் வராது. மத்தியானச் சத்துணவு வரைக்கும் வயிற்றில் ஒன்றும் இல்லாமல் நாட்டை நேசிப்பதாகச் சொல்ல வந்த பிள்ளை அது. அப்படி எத்தனை பேரைத் தூக்கி வராந்தாவில் கிடத்தியிருக்கிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. டி.வி.யில் அந்தப் பிள்ளைகள் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, என் காலத்தில் மைதானத்தில் சரிந்து விழுந்த பிள்ளைகள்தான் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள்.

இந்த உறுதிமொழியை எழுதியவர் யார் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. நான் வேலை பார்த்த காலத்துப் பாடப் புத்தகங்களில் அவர் பெயரைப் பார்த்ததாக நினைவில்லை. பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ். இன்றைய தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்துக்காரர். 1962-ல் விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அதிகாரியாக இருந்தபோது தாய்மொழி தெலுங்கில் எழுதினார். சீனப் போர் நடந்த வருடம் அது. தென்னேட்டி விசுவநாதம் என்ற அரசியல் தலைவர் வழியாக அன்றைய ஆந்திரக் கல்வி அமைச்சர் பி.வி.ஜி. ராஜுவின் கைக்கு அது போயிற்று. 1963-ல் விசாகப்பட்டினத்தில் ஒரு பள்ளியில் முதலில் வாசிக்கப்பட்டது. 1964-ல் பெங்களூரில் எம்.சி. சாக்ளா தலைமையில் கூடிய மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம், நாடு முழுக்கப் பள்ளிகளில் இதைச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தது. 1965 ஜனவரி 26 முதல் நடைமுறை. எழுதியவர் 1988-ல் இறந்தார்.

கருவூல அதிகாரி என்று தெரிந்ததும் எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. சம்பளப் பில்லை எடுத்துக்கொண்டு எங்கள் பள்ளி எழுத்தரோடு தாலுகா கருவூலத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். லெட்ஜர்களும், சிவப்பு மையும், ஓயாமல் சுற்றும் பழைய ஃபேனும் கண்ணில் நிற்கின்றன. அப்படிப்பட்ட மேசை ஒன்றின் முன் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் எழுதிய வாசகத்தை இந்தியாவின் கோடிக்கணக்கான பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அதில் ராஜா இல்லை, ராணுவம் இல்லை, எதிரி இல்லை. போர் நடந்த வருடத்தில் எழுதிய வாசகத்தில் பகைவன் என்ற சொல்லே வராதது சாதாரண விஷயமில்லை. நாட்டைச் சொன்ன கையோடு நாட்டு மக்களைச் சொல்கிறது. உடன்பிறந்தவர்கள் என்கிறது. பெற்றவரை, ஆசிரியரை, மூத்தவரை மதிக்கச் சொல்கிறது. மக்கள் நலமாக இருப்பதுதான் தன் மகிழ்ச்சி என்று முடிகிறது.

1965 ஜனவரி 26 என்ற தேதியைச் சொன்னால் மதுரைக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். இந்தி ஆட்சிமொழியாக வேண்டிய நாள் அது. துக்க நாள் என்று தி.மு.க. அறிவித்திருந்தது. அதற்கு முந்தின நாள், 25-ஆம் தேதி, மதுரையில் மாணவர் ஊர்வலத்தினருக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் மூண்ட கைகலப்புதான் மாநிலமெங்கும் தீயாகப் பரவியது. என் சித்தப்பா அப்போது மதுரையில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தார். ஊர்வலத்தில் போனவர். ஊர் திரும்ப பஸ் இல்லாமல் இரண்டு நாள் நடந்தே வீடு வந்ததை வருடா வருடம் பொங்கல் முடிந்ததும் சொல்வார். ஆக, எல்லா இந்தியரும் உடன்பிறந்தவர் என்று நாடு முழுக்கப் பிள்ளைகள் முதன்முதலாகச் சொல்ல வேண்டிய நாளில், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தெருவில் நின்று அதே நாட்டின் அரசைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1968 ஜனவரியில் சட்டமன்றம் தீர்மானம் போட்டு, என்.சி.சி.யில் இந்தி ஆணைச் சொற்கள் வேண்டாம் என்று சொன்னதும் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சிதான். சித்தப்பா கடைசி வரை ஆகஸ்ட் 15-க்குச் சட்டையில் கொடி குத்திக்கொள்ளாமல் வெளியே கிளம்ப மாட்டார். நாட்டுப் பற்றையும் கீழ்ப்படிதலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்களிடம் நான் அவரைத்தான் சொல்வேன்.

அந்தக் குழப்பம் எனக்கும் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

1989 என்று நினைக்கிறேன். வேலைக்கு வந்து மூன்றாவது வருடம். எட்டாம் வகுப்பில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருந்தான். அப்பா தையல்காரர். கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை. பையன் வரிசையில் நேராக நிற்பான். அட்டென்ஷன் என்றால் அட்டென்ஷன். ஆனால் உறுதிமொழி ஆரம்பித்தால் கை நீளாது, வாய் அசையாது. முதல் நாள் கவனக்குறைவு என்று விட்டேன். இரண்டாம் நாள் பக்கத்தில் போய் நின்றேன். மூன்றாம் நாள், "கையை நீட்டுடா" என்றேன். "வேண்டாம் சார்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். அறுநூறு பேர் முன்னால் ஒரு பையன் எனக்கு 'வேண்டாம்' சொன்னது மட்டும்தான் என் காதில் விழுந்தது. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் வெயிலில் இரண்டு பாடவேளை நிற்க வைத்தேன். மறுநாளும் நிற்க வைத்தேன். மூன்றாவது நாள் பிரம்பை எடுத்தேன்.

அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற சபையைச் சேர்ந்தவர்கள். வணக்கமும் சத்தியமும் கடவுளுக்கு மட்டும்தான், கொடிக்கோ நாட்டுக்கோ இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. அப்பா பள்ளிக்கு வந்தார். கழுத்தில் இஞ்சு டேப்பைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தார். "ஐயா, பய நாட்டை அவமதிக்கல. நிக்கச் சொன்னா நிப்பான். சத்தியம் மட்டும் சாமிக்குத்தான்னு எங்க வீட்ல பழக்கிட்டோம்யா" என்றார். அன்றைய தலைமையாசிரியர் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன், ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளுக்குள் வெற்றி பெற்றதுபோல இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். போகும்போது அந்த மனிதர் என் கையில் நாலாக மடித்த ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தார். "நேரம் கிடைச்சா படிங்கய்யா."

சட்டைப் பையிலேயே கிடந்தது. ராத்திரி எடுத்துப் படித்தேன். பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு. உச்ச நீதிமன்றம், 1986 ஆகஸ்ட் 11. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் வந்த தீர்ப்பு. கேரளத்தில் கிடங்கூர் பள்ளி ஒன்றில் அதே சபையைச் சேர்ந்த அண்ணன் தங்கைகள் மூன்று பேர். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். 1985 ஜூலையில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும், எழுந்து நிற்பதே மரியாதைதான், பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நம் மரபும் தத்துவமும் அரசமைப்பும் சகிப்பைத்தான் கற்றுத் தருகின்றன, அதை நீர்த்துப்போக விடக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு முடிகிறது. தேசிய கீதத்துக்கே இதுதான் நிலை. தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உறுதிமொழி என்ற பேச்சே கிடையாது. எதை வைத்து அந்தப் பையனை அடித்தேன்? என்னிடம் பிரம்பு இருந்தது, அவ்வளவுதான்.

மறு வாரம் கடைத்தெருவுக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. வேறு ஊருக்குப் போய்விட்டதாகப் பக்கத்துப் பூக்கடைக்காரம்மா சொன்னார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. அந்தப் பையனை அதன் பிறகு நான் பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் இதே வழக்கு நமக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் கொடி உறுதிமொழியை 1892-ல் எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி. அங்கேயும் ஆரம்பத்தில் கையை நீட்டித்தான் சொன்னார்கள். ஹிட்லர் ஆட்கள் போடும் சல்யூட்டைப்போல இருக்கிறது என்று 1942-ல் நெஞ்சில் கை வைப்பதாக மாற்றினார்கள். யெகோவாவின் சாட்சிகளின் பிள்ளைகள் சொல்ல மறுத்தபோது, 1940-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றது. மூன்றே வருடத்தில், 1943 ஜூன் 14 அன்று, முந்தைய தீர்ப்பு தப்பு என்று அதே நீதிமன்றம் திருத்திக்கொண்டது. அவர்களுடைய கொடி நாள் அது. உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். அப்படிப்பட்ட நேரத்திலேயே ஒரு நாடு, சொல்ல மறுக்கும் பிள்ளையை விட்டுவிட முடியும் என்று நினைத்திருக்கிறது.

நம் பக்கமும் இந்த வழக்குகள் ஓயவில்லை. 2017 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பள்ளிகளில் வாரம் ஒரு முறையாவது வந்தே மாதரம் பாட வேண்டும் என்றது. ஆசிரியர் தேர்வில் ஒரு மதிப்பெண்ணுக்காகத் தொடங்கிய வழக்கு அது. பாட்டு எந்த மொழியில் எழுதப்பட்டது என்ற கேள்விக்கு எது சரியான விடை என்பதுதான் தகராறு. ஏற்கத்தக்க காரணம் இருந்தால் யாரையும் வற்புறுத்தக் கூடாது என்றும் அதே தீர்ப்பில் இருந்தது. ஆசிரியர் அறையில் முதல் பகுதியைத்தான் எல்லோரும் படித்தார்கள். நான் இரண்டாவது பகுதியைக் கோடு போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். 2021 டிசம்பரில் மதுரைக் கிளை, தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நின்றே ஆக வேண்டும் என்று சட்டமோ ஆணையோ இல்லை என்றது. அதே மாதம் 17-ஆம் தேதி அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விலக்கு என்று ஆணை போட்டது. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு நான் எழுந்து நிற்பேன். ஆணை வருவதற்கு முன்பும் நின்றேன். ஆணை வந்த பிறகு நிற்கும்போது முன்பிருந்த அந்தச் சந்தோஷத்தில் ஏதோ குறைகிறது. ஏன் என்று விளக்க எனக்குத் தெரியவில்லை, குறைகிறது.

அப்படியானால் உறுதிமொழியே வேண்டாம் என்கிறாயா என்று சங்கக் கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். இல்லை. வேண்டும். ஏன் வேண்டும் என்பதை எனக்கு மேலவளவு சொல்லிக் கொடுத்தது.

1997 ஜூன் 30. மேலவளவு ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் பட்டப் பகலில் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியில் நின்று ஜெயித்துத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் அவர் செய்த குற்றம். மேலூர் வட்டாரமே உறைந்து கிடந்தது. சில நாள் கழித்துப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். வந்தவர்களும் தெருவாரியாக, தனித்தனிக் கூட்டமாக வந்தார்கள். வழக்கம்போல வரிசையில் நிறுத்தினேன். உறுதிமொழி சொல்லும் பையன் மைக் முன் நின்று நாட்டைச் சொன்னான். அடுத்து உடன்பிறந்தவர்கள் என்று வர வேண்டும். வரவில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்து எடுத்துக் கொடுக்கப் போனேன். அவன் மறக்கவில்லை. கீழே வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு சொல்லைச் சொல்வது எவ்வளவு கனம் என்பது பதினாலு வயதுப் பையனுக்கு அன்று தெரிந்திருந்தது. பிறகு சொன்னான். பிள்ளைகளும் திருப்பிச் சொன்னார்கள். பத்து வருடமாக ராகம் போட்டு ஒப்பித்த வாசகம் அன்றைக்குத்தான் வாசகமாகக் கேட்டது. வேறு எந்தப் பாடத்திலும், வேறு எந்தப் பாடவேளையிலும் அந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக நின்று அந்தச் சொல்லைச் சொல்ல வாய்ப்பே இல்லை. காலையில் அந்த ஒரு நிமிடத்தை எடுத்துவிட்டால் அதுவும் போய்விடும்.

ஆனால் அந்த ஒரு நிமிடத்தை நாங்கள் எப்படி நடத்தினோம் என்பதில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் பதினைந்து வருடம் ஆயிற்று.

உசிலம்பட்டிப் பக்கம் இருந்த பள்ளி. 2012. கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார், வழிபாட்டுக் கூட்டப் பதிவேடு எங்கே என்றார்கள். யார் என்றைக்கு உறுதிமொழி சொன்னார், குறள் சொன்னார் என்று எழுதும் நோட்டு. தேதி விட்டுப் போயிருந்தது. நினைவிலிருந்து நிரப்ப உட்கார்ந்தேன். ஒரு பருவத்துப் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்ததும் பேனா நின்றது. எண்ணூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. எல்லாம் மூன்றே மூன்று தெருக்கள். நல்ல உச்சரிப்பு, தைரியமான பிள்ளை, சீருடை சுத்தமாக இருக்கும் என்று நாங்கள் தேர்ந்தெடுத்தோம். காலனிப் பிள்ளை ஒருவர்கூட அந்த நோட்டில் இல்லை. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. முன்பு வேலை பார்த்த பள்ளிகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான். தீண்டாமையைக் கண்டிக்கும் வரிகளை அச்சிட்ட பாடப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருபத்தாறு வருடம் இதை நடத்தியிருக்கிறேன்.

மறு திங்கட்கிழமை முதல் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி என்று அறிவித்தேன். ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவு, முதல் எண்ணிலிருந்து. ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை. திக்கினாலும் பரவாயில்லை, பார்த்துப் படித்தாலும் பரவாயில்லை. ஐந்தாவது நாள் காலனியிலிருந்து வரும் ஒரு பெண் பிள்ளை. முந்தின நாள் சாயங்காலம் என் முன்னால் நின்று நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனது. காலையில் மைக் முன் வந்தது. முதல் வரியைச் சொன்னது. எதிரொலி வழக்கத்தில் பாதிதான் வந்தது. பத்தாம் வகுப்புப் பையன்கள் நின்ற பக்கம் ஒரு வரிசை முழுக்கக் கை நீட்டி இருந்தது, வாய் மூடி இருந்தது. நீட்டிய கைகளில் மணிக்கட்டுக்கு மணிக்கட்டு ஒரே நிறத்தில் கயிறு. சட்டைக் கை மேலே ஏறினால்தான் தெரியும். உறுதிமொழிக்குக் கை நீட்டும்போதுதான் சட்டைக் கை ஏறும்.

கூட்டம் முடிந்து அந்த வரிசையை நிறுத்தினேன். முன்னால் நின்றவன் கேட்டான்: "சார், அவ சொல்ல நாங்க திருப்பிச் சொல்லணுமா?"

நான் அந்தக் கேள்வியை இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உறுதிமொழியின் அமைப்பே அதுதான். ஒருவர் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொல்ல வேண்டும். யார் சொல்ல, யார் திருப்பிச் சொல்வது என்பதுதான் எங்கள் ஊர்களில் ஆண்டாண்டு காலமாகத் தகராறு. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996-லிருந்து பத்து வருடம் ஊராட்சித் தலைவரை உட்கார விடாமல் செய்ததும் இந்தக் கேள்விதான். 2006-ல்தான் அங்கே தேர்தலை நடத்தித் தலைவரை உட்கார வைக்க முடிந்தது. பெரியவர்கள் ஊரில் கேட்டதைப் பையன் மைதானத்தில் கேட்டான்.

பிரம்பு எடுக்கவில்லை. 2010-லிருந்து அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் அடிக்கக் கூடாது என்கிறது. அதையும் தாண்டி, தையல்காரர் மகன் என் மனதில் நின்றான். அவனும் வாய் திறக்கவில்லை, இவர்களும் வாய் திறக்கவில்லை. அவன் மௌனத்தில் யாரையும் தாழ்த்தவில்லை. இவர்கள் மௌனம் மைக் முன் நின்ற பிள்ளையைக் குறி பார்த்தது. இரண்டும் வேறு வேறு. ஆனால் இரண்டுக்கும் அடி மருந்தாகாது. வாயைப் பிடுங்கித் திறந்தால் வார்த்தை வரும், உடன்பிறப்பு வராது. "திருப்பிச் சொல்றது உன் இஷ்டம். ஆனா யார் சொல்றதுங்கிறது உன் இஷ்டமில்ல. நாளைக்கும் ரெஜிஸ்டர் வரிசைதான்" என்றேன்.

அன்று மத்தியானம் ஊரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். "என்ன வாத்தியாரே, புதுசா பழக்கம் பண்றீங்க" என்றார்கள். பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் முறை வரும், பதினெட்டாவது எண் என்றேன். அதற்கு மேல் அவர்களால் பேச முடியவில்லை. பதிவேட்டு வரிசை யாருக்கும் சொந்தமில்லை என்பது அதில் உள்ள பலம். அந்தப் பெண் பிள்ளையின் வீட்டுக்கும் போனேன். "அடுத்த தடவ வேற யாரையாச்சும் போடுங்கய்யா, எதுக்கு வம்பு" என்றார் அம்மா. பிள்ளை உள்ளேயிருந்து வந்து, "இல்லம்மா, என் முறை வந்தா நான்தான் சொல்லுவேன்" என்றது.

எல்லாம் மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். அந்த வரிசையில் மூன்று நான்கு பேர் அடுத்த வாரமே சொல்ல ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் பத்தாம் வகுப்பு முடித்துப் போகும் வரை, காலனிப் பிள்ளைகள் சொன்ன நாட்களில் வாய் திறக்கவே இல்லை. கயிறும் முழுக்கப் போகவில்லை. கோயில் கயிறு என்பார்கள். எது கோயில் கயிறு, எது சாதிக் கயிறு என்று எந்த ஆசிரியருக்கும் தெரியும். 2019-ல் பள்ளிக் கல்வித் துறை இந்தக் கயிறுகளைக் கண்காணிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிற்றுக்குத் தடை வேண்டும் என்பதும் அதில் ஒரு பரிந்துரை. நாங்குநேரிச் செய்தியைப் படித்த அன்று, அந்தப் பிள்ளைகளும் காலையில் ஒரே மைதானத்தில் கை நீட்டித்தானே நின்றிருப்பார்கள் என்று நினைத்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

என்னிடம் கபடி ஆடிய ஒரு மாணவி இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள். அவள் மகள் பள்ளியில் உறுதிமொழி சொல்வதைப் பற்றி ஒரு நாள் போனில் சொன்னாள். அங்கே வலக் கையை மடக்கி நெஞ்சில் வைத்துக்கொள்கிறார்கள். 1966-ல் அதன் வரைவை எழுதியவர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர், அந்நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர். இனம், மொழி, மதம் என்ற வேறுபாட்டைக் கடந்து நிற்போம் என்பது அதன் கரு. நமது கருவூல அதிகாரி உடன்பிறந்தவர்கள் என்ற ஒரு சொல்லில் அடக்கியதை அவர் பிரித்துப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். நம் வாசகத்திலும் சாதி என்று பெயர் சொல்லி ஒரு வரி இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். பெயர் சொல்லாததால்தான் கயிறு கட்டிய கையை நீட்டி அதைச் சொல்லிவிட்டுப் போக முடிகிறது.

இன்று காலைக் கூட்டம் நடத்தும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு பழைய பி.டி. சாராக என் வேண்டுகோள் இதுதான். உறுதிமொழியை விட்டுவிடாதீர்கள். நம்பிக்கையின் பேரில் சொல்லாமல் நிற்கும் பிள்ளையைத் தொடாதீர்கள். அது மரியாதையாக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். கை தாழ்ந்த பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். உங்கள் வழிபாட்டுக் கூட்டப் பதிவேட்டை எடுத்து, இந்த வருடம் மைக் முன் நின்றவர்களின் பெயர்களை அவர்கள் குடியிருக்கும் தெருவோடு சேர்த்து எழுதிப் பாருங்கள். நாளைக் காலை யார் சொல்வது என்பதை வருகைப் பதிவேட்டின் முதல் எண்ணிலிருந்து ஆரம்பியுங்கள்.